இல்ல விளையாட்டுப் போட்டி: சுவடு போடுவதிலிருந்து கொடி இறக்கும் வரை

மார்கழி மழை பொங்கலோடு மெல்ல விலக, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பாடசாலை மைதானங்களில் புல்லுச் செதுக்கும் சத்தம் கேட்கத் தொடங்கும். பிள்ளைகளை 'இல்லம்' என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் போட்டிக்கான ஆயத்தம் அது. அழைப்பிதழில் 'வருடாந்த இல்ல மெய்வல்லுநர் திறனாய்வுப் போட்டி' என்று நீட்டி அச்சடித்தாலும் ஊருக்குள் அதற்குப் பெயர் 'ஸ்போர்ட்ஸ் மீற்'தான். உடற்கல்வி ஆசிரியர் இல்லாமல் கணித ரீச்சரோ சங்கீத சேரோ பொறுப்பெடுக்கும் பாடசாலைகளுக்கும், உதவிக்கு வரும் பழைய மாணவர்களுக்கும் இந்தக் குறிப்புகள்.

போட்டி முடிகிற நேரத்தில் வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டு கிழமைக்கு முன்பே விதைக்கப்பட்டவை. ஒன்று அளவு நாடாவில் விட்ட பிழை, மற்றது எழுதி வைக்காத புள்ளி விதி. ஆகவே பந்தலையும் அதிதிகளையும் பிறகு பார்க்கலாம். முதலில் சுவடு, அதாவது பிள்ளைகள் ஓடும் தடம்.

திகதியும் மண்ணும்

வலய மட்டப் போட்டி எப்போது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, அதற்குக் குறைந்தது மூன்று கிழமை முன்னால் இல்லப் போட்டியை வையுங்கள். தெரிவானவர்களுக்குப் பயிற்சி நாட்கள் வேண்டும். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக் கணக்கும் உண்டு. நோன்பு வருடத்துக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னுக்கு நகரும். 2025 இல் மார்ச் தொடக்கத்தில் வந்தது, 2026 இல் பெப்ரவரி மூன்றாம் வாரத்துக்கே வந்துவிட்டது. மழை விட்ட கையோடு நோன்பு பிறக்கிற வருடங்களில் இடையில் கிடைப்பது சில கிழமைகள்தான். ஆகவே தகுதிகாண் ஓட்டங்களையும் எறிதல், பாய்தல் போட்டிகளையும் முதலிலேயே தனித்தனி நாட்களில் முடித்துவிடுங்கள். இறுதி நாளுக்கு இறுதி ஓட்டங்களும் காட்சி நிகழ்ச்சிகளும் மட்டும் மிஞ்சட்டும்.

வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையில் மைதானம் பெரும்பாலும் மணல். தண்ணீர் நிற்காது, ஆனால் சுண்ணாம்புக் கோடும் நிற்காது. நாலு ஓட்டம் முடிந்தால் கோட்டைத் தேட வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயற்களி மண் கிடக்கும் மைதானங்கள் வேறு விதம். மழை விட்டு ஒரு கிழமைக்கும் சறுக்கும், காய்ந்ததும் வெடிக்கும். மணலில் கோடு போடுவதற்கு முன் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். களியில் வெடிப்புகளுக்கு மணல் போட்டு உருளை உருட்டுங்கள். எந்த மண்ணானாலும் முக்கியப் புள்ளிகளில் மர ஆப்பு அறைந்து, தலை வெளியே தெரியாதபடி நிலமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். கோடு அழிந்தாலும் ஆப்பு இருக்கும், அடுத்த வருடத்துக்கும் உதவும்.

200 மீற்றர் சுவடு

400 மீற்றர் சுவட்டுக்கு இடமிருக்கிற பாடசாலைகள் நம் பகுதியில் குறைவு. அநேகமானவர்களுக்கு 200 மீற்றர்தான் வாய்க்கும். நேர்ப்பகுதி 50 மீற்றராக இரண்டு, வளைவு 50 மீற்றராக இரண்டு. ஒரு மீற்றர் அகலத்தில் ஆறு பாதை போட்டால், சுவடு மட்டும் 93.44 மீற்றர் நீளமும் 43.44 மீற்றர் அகலமும் பிடிக்கும். சுற்றிவர இரண்டு மூன்று மீற்றர் வெறுமையாக விட வேண்டும். மதிலோடு ஒட்டிப் பாதை போட்டால் ஆறாம் பாதைப் பிள்ளை மதிலில் கை உரசி ஓடும். அகலம் போதாவிட்டால் நேர்ப்பகுதியை 60 மீற்றராக்கி வளைவைச் சுருக்கலாம், ஆனால் அப்போது வளைவு நன்றாக இறுகிவிடும். வேகமாக வருகிற பெரிய பிள்ளைகள் அந்த வளைவில் பக்கத்துப் பாதைக்குள் சாய்வார்கள். முடிந்தவரை 50க்கு 50 ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: 50 மீற்றர் இரும்பு அல்லது பைபர் அளவு நாடா இரண்டு, ஆப்புகள், சுத்தியல், மெல்லிய இரும்புக் கம்பி, நூல் பந்து, கோடு போடும் வண்டில் அல்லது அடியில் ஓட்டை போட்ட பால்மா ரின். நைலோன் கயிற்றால் வளைவு போடாதீர்கள். இழுக்க இழுக்க நீளும், ஒருவர் இறுக்கிப் பிடிக்க மற்றவர் தளர்த்திப் பிடிப்பார், அரைவட்டம் முட்டை வடிவத்தில் வந்து நிற்கும். வட்டம் போடக் கம்பிதான் சரி.

மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் நூல் கட்டி, அதில் 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு ஆப்பு அறையுங்கள். அவைதான் இரண்டு வளைவுகளின் மையம். ஒவ்வொரு மையத்திலிருந்தும் நூலுக்குச் செங்குத்தாக இரு பக்கமும் 15.72 மீற்றர் அளந்து ஆப்பு வையுங்கள். செங்குத்து எடுக்க 3, 4, 5 மீற்றர் முக்கோணம் போதும். இப்போது 50க்கு 31.44 மீற்றர் கொண்ட ஒரு நீள்சதுரம் கிடைக்கும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 59.06 மீற்றர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சதுரம் சரிந்திருக்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள், கோடு போட்ட பிறகு திருத்த யாருக்கும் மனம் வராது.

15.72 எங்கிருந்து வந்தது? இரண்டு வளைவும் சேர்ந்த 100 மீற்றரை 2π ஆல், அதாவது 6.28 ஆல், வகுத்தால் 15.92. அது பிள்ளை ஓடுகிற பாதையின் ஆரை. உட்கோட்டின் மேலேயே யாரும் ஓடுவதில்லை என்பதால், வெறும் கோடு மட்டும் இருக்கும் சுவட்டில் கோட்டிலிருந்து 20 செந்திமீற்றர் தள்ளித்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. அந்த 20 செந்திமீற்றரைக் கழித்தால் உட்கோட்டுக்கு 15.72. உள்விளிம்பில் உயர்ந்த கட்டு இருந்தால் முதற் பாதைக்கு மட்டும் 30 செந்திமீற்றர். நம் மைதானங்களில் அந்தக் கட்டு எங்கே இருக்கிறது?

பிறகு கம்பியை 16.72, 17.72 என்று ஒவ்வொரு மீற்றராகக் கூட்டி 21.72 வரை அரைவட்டங்கள் போடுங்கள். கோட்டின் அகலம் 5 செந்திமீற்றர். பாதையின் வலப்பக்கக் கோடு அந்தப் பாதையின் அகலத்தோடு சேர்ந்தது. ஆகவே ஒரு கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் வெளிவிளிம்பு வரை ஒரு மீற்றர். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு மீற்றர் விட்டால் ஒவ்வொரு பாதைக்கும் 5 செந்திமீற்றர் பெருத்து, கீழே சொல்லும் கணக்கெல்லாம் குழம்பும்.

ஏழு கோடுகளும் சேர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் வரும். எத்தனை பை சுண்ணாம்பு வேண்டும் என்று ஊகிக்காமல், முதலில் ஒரு கிலோவைப் போட்டு அது எத்தனை மீற்றர் போகிறது என்று பார்த்துப் பெருக்குங்கள். ஓட்டங்களுக்கு இடையில் திரும்பப் போடவும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். நீற்றின சுண்ணாம்பை மட்டுமே வாங்குங்கள். நீறாத சுண்ணாம்பு ஈரம் பட்டதும் கொதிக்கும், வியர்த்த காலைச் சுடும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணில் பட்டால் கசக்க விடாமல், ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். இந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

படிமுறைத் தொடக்கம்: வழக்கு வருகிற இடம்

வெளிப்பாதை நீளம் கூடியது. அதனால் வெளிப்பாதைக்காரர் முன்னுக்கு நிற்க வேண்டும். எவ்வளவு முன்னுக்கு? ஒரு மீற்றர் அகலப் பாதையில், முழுச் சுற்று ஒன்றுக்குப் பாதைக்குப் பாதை 6.28 மீற்றர். இரண்டாம் பாதைக்கு 6.28, மூன்றாவதுக்கு 12.57, நாலாவதுக்கு 18.85, ஐந்தாவதுக்கு 25.13, ஆறாவதுக்கு 31.42.

இங்கேதான் ஒரு பழைய பிழை வருடா வருடம் திரும்பி வருகிறது. புத்தகத்தில் இருக்கிற 7.04, 14.70 என்ற கணக்கைப் பார்த்து அப்படியே போட்டுவிடுவார்கள். அது 1.22 மீற்றர் அகலமும் உள்விளிம்பில் கட்டும் உள்ள சர்வதேசச் சுவட்டுக்கு உரியது. அந்த அளவில் ஆறாம் பாதை 37.70 மீற்றர் முன்னுக்கு நிற்கும். நம் ஒரு மீற்றர் சுவட்டில் அப்படி நிறுத்தினால் ஆறாம் பாதைப் பிள்ளைக்கு 6 மீற்றருக்கு மேல் சும்மா கிடைக்கிறது. 200 மீற்றரில் 6 மீற்றர் என்றால் முதலாமிடத்துக்கும் நாலாமிடத்துக்கும் உள்ள தூரம். பிறகு, 'எங்கட இல்லத்துக்கு வேணுமெண்டு உள்பாதை தந்தவங்க' என்று பேச்சு வரும். பேசுகிறவர்களில் பிழையும் சொல்ல முடியாது.

வளைவில் நாடாவை வளைத்து அளப்பது தொல்லை. முடிவுக்கோடு நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்தந்தப் பாதையில், முடிவுக்கோட்டின் மேல் உட்கோட்டிலிருந்து 20 செந்திமீற்றர் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து நாடாவை நேராக இழுத்து, அதே பாதையில் மறுபடியும் உட்கோட்டிலிருந்து 20 செந்திமீற்றர் தள்ளிய இடத்தில் பின்வரும் அளவு எங்கே முட்டுகிறதோ அங்கே குறியுங்கள்:

இரண்டாம் பாதை 6.25 மீற்றர்
மூன்றாம் பாதை 12.31 மீற்றர்
நாலாம் பாதை 18.08 மீற்றர்
ஐந்தாம் பாதை 23.50 மீற்றர்
ஆறாம் பாதை 28.54 மீற்றர்

இவை மேலே சொன்ன வளைவுத் தூரங்களின் நேர் அளவுகள். 15.72 ஆரைக்கும் ஒரு மீற்றர் பாதைக்கும் மட்டுமே பொருந்தும். குறித்த புள்ளியில் தொடக்கக் கோட்டை வளைவின் மையத்தை நோக்கி நூல் பிடித்துப் போடுங்கள். கண்மதிப்பில் போட்டால் கோடு சரிந்து, ஒரு ஓரத்தில் நிற்பவருக்கு அரை அடி இலாபம்.

தூரம் எப்போதும் தொடக்கக் கோட்டின் பின்விளிம்பிலிருந்து முடிவுக்கோட்டின் முன்விளிம்பு வரை. அதாவது தொடக்கக் கோடு தூரத்துக்குள் சேரும், முடிவுக்கோடு சேராது.

100 மீற்றரை இந்தச் சுவட்டின் வளைவோடு ஓட விடாமல், இடமிருந்தால் நேர்ப்பகுதியை இரு பக்கமும் நீட்டுங்கள். ஓட்டத்துக்கு 100, பின்னால் நிற்க 3, ஓடி முடித்து நிற்க 15 மீற்றராவது வேண்டும். அந்த 15ஐ மறந்து முடிவுக்கோட்டை வாகை மரத்தடியில் போட்டால், வென்ற பிள்ளை மரத்தைக் கட்டிப்பிடித்துத்தான் நிற்கும்.

அஞ்சலோட்டத்தில் 4 x 100 மீற்றருக்குக் கோல் மாற்றும் வலயம் இப்போதைய விதிப்படி 30 மீற்றர். முன்பு பழகிய 20ஐப் போடுகிற பாடசாலைகள் இன்னும் உண்டு. எதைப் போட்டாலும் எல்லா இல்லமும் அதே அளவில் பழகியிருக்க வேண்டும். வலயத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்வது கோல் இருக்கும் இடம், காலல்ல. இது தெரியாத நடுவரை வலயத்தில் நிறுத்தாதீர்கள்.

மைதான நிகழ்ச்சிகள்

குண்டு போடும் வட்டத்தின் விட்டம் 2.135 மீற்றர், தட்டெறிதலுக்கு 2.50. விழும் எல்லையைக் கோணமானி இல்லாமல் போடலாம். வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீற்றர் போய், அங்கே இரு கோடுகளுக்கும் இடையில் 12 மீற்றர் அகலம் வைத்தால் கோணம் சரி. 10 மீற்றரில் 6. ஈட்டிக்கு, எறிபவர் தாண்டக் கூடாத வளைகோட்டுக்கு 8 மீற்றர் பின்னாலுள்ள மையத்திலிருந்து அளந்து 20 மீற்றரில் 10 அகலம். எறிதல் நடக்கும்போது அந்தப் பக்கம் கயிறு கட்டி ஆட்களை மறியுங்கள். ஈட்டி எறியும் இடத்துக்கு ஐஸ்பழ வண்டில் வந்து நிற்கிற ஊர் நம்முடையது.

நீளம் பாய்தல் குழி குறைந்தது 2.75 மீற்றர் அகலம். கடற்கரை மணல் போட்டால் சிப்பியையும் போத்தல் ஓட்டையும் அரித்தெடுங்கள். முழங்கால் ஆழத்துக்குக் கிண்டி, இலேசாக நனைத்து மட்டப்படுத்தினால் தடம் தெளிவாக விழும். உதைபலகைக்கு மிக அருகிலுள்ள தடத்திலிருந்துதான் அளவு. பின்னுக்கு விழுந்து கை ஊன்றினால் கை பட்ட இடம்தான் கணக்கு. குதிக்காலில் வைத்து அளக்கும் நடுவர் பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து மற்றவர்களுக்கு அநியாயம் செய்கிறார்.

இல்லங்கள், புள்ளி, நடுவர்

தமிழ்ப் பாடசாலைகளில் வள்ளுவர், இளங்கோ, பாரதி, நாவலர், விபுலானந்தர் என்றும், முஸ்லிம் பாடசாலைகளில் சபா, மர்வா, ஹிரா என்றும் இல்லப் பெயர்கள் வழக்கம். காரைதீவில் பிறந்த விபுலானந்தர் பெயரில் ஒரு இல்லம் இல்லாத பாடசாலையைத் தேடத்தான் வேண்டும். புதுப் பிள்ளைகளை அனுமதி இலக்க வரிசையில் மாறி மாறிச் சேர்ப்பதே நேர்மையான முறை. அண்ணன் எந்த இல்லமோ தம்பியும் அதே என்ற வழக்கம் சில இடங்களில் உண்டு. வீட்டுக்குள் சமாதானம் நிலைக்கும், ஆனால் சில வருடத்தில் ஒரு இல்லம் வீங்கிவிடும்.

புள்ளித் திட்டத்தை, உதாரணமாக முதலாமிடத்துக்கு 5, பிறகு 3, 2, 1, அஞ்சலோட்டத்துக்கு இரட்டிப்பு என்று, போட்டிக்கு முன்பே எழுதி எல்லா இல்லப் பொறுப்பாசிரியர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். அணிநடைக்கும் இல்லச் சோடனைக்கும் புள்ளி உண்டா, சமநிலை வந்தால் என்ன, ஒரு பிள்ளை எத்தனை நிகழ்ச்சியில் பங்குபற்றலாம், ஆட்சேபம் எத்தனை நிமிடத்துக்குள் யாரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், எல்லாம் அதே தாளில். வயதுப் பிரிவுக்கான திகதியை அந்த வருடச் சுற்றறிக்கையில் பார்த்து, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் பிரிவு மாறுகிற பிள்ளை எல்லா வருடமும் ஒன்றாவது இருக்கும்.

நேரக்கணிப்பாளர் சத்தத்துக்கு மணிக்கூட்டை அமத்தக் கூடாது. 100 மீற்றருக்கு அப்பாலிருந்து சத்தம் வர ஏறத்தாழ 0.3 செக்கன் ஆகும். துவக்கென்றால் புகையையும், தட்டுப்பலகை என்றால் இரண்டு பலகையும் சேரும் கணத்தையும் கண்ணால் பார்த்து அமத்த வேண்டும். பலகைக்குக் கறுப்பு, பின்னால் வெள்ளைத் துணி பிடித்தால் தெரியும். முடிவிட நடுவர்கள் கோட்டுக்கு நேரே, பக்கவாட்டில், இரண்டு மேசை அடுக்கின உயரத்தில் இருக்கட்டும். கோட்டைத் தொடுவதாகக் கணக்கிடப்படுவது உடம்பு மட்டுமே, தலையும் கையும் காலும் அல்ல.

அணிநடையும் சோடனையும்

அணிநடைக்கு நிமிடத்துக்கு 116 முதல் 120 காலடி. நல்லாகப் பழகின அணியும் மைதானத்தின் மறுகரைக்குப் போனதும் கால் குழம்புகிறதென்றால், குற்றம் பிள்ளைகளில் இல்லை. ஒலிபெருக்கி மேடையடியில் இருக்கிறது, பாட்டின் தாளம் 0.3 செக்கன் பிந்தித்தான் அங்கே போய்ச் சேருகிறது. ஒரு காலடிக்கே அரை செக்கன்தான். முன்னணி கேட்பது ஒரு தாளம், பின்னணி கேட்பது வேறு. அணியோடு கூடவே ஒரு முரசுக்காரரை நடக்க விடுங்கள், மறுகரையில் பாட்டை நிறுத்துங்கள்.

சோடனையில் கிடுகு, குருத்தோலை, கமுகு, மூங்கில், பழைய சேலை இவற்றுக்கே புள்ளி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் செலவு அடங்கும். மூங்கிலில் கல்லடிப் பாலத்தைக் கட்டி நிறுத்துகிற கை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. வாடகைத் துணியும் பலூன் வளைவும் எந்தக் கலியாண வீட்டிலும் பார்க்கலாம். காற்று மத்தியானத்துக்குப் பிறகு கடலிலிருந்து எழும், கால்களை ஒரு முழமாவது புதைத்து இழுகயிறு கட்டுங்கள்.

இறுதி நாள்

அதிதிகளை அழைத்து வருதல், தேசியக் கொடி, பாடசாலைக் கொடி, இல்லக் கொடிகள், மங்கள விளக்கு, அணிநடை, சத்தியப்பிரமாணம், ஒலிம்பிக் தீபம் என்ற ஒழுங்கு எல்லோருக்கும் தெரிந்ததே. பிழைப்பது நேரம். ஒன்றரைக்கு என்று போட்டுப் பிரதம அதிதி மூன்றுக்கு வருவார், அதுவரை உடற்பயிற்சிக் கண்காட்சிப் பிள்ளைகள் வெயிலில் வரிசையில். மயங்கி விழுவது அப்போதுதான். அதிதி படலைக்குள் வந்த பிறகே வரிசை போடுங்கள், அதுவரை நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுங்கள். பேச்சுகளைப் பரிசளிப்புக்குத் தள்ளுங்கள். ஓடி முடித்தவர்களுக்குத் தோடம்பழமும் வத்தகப்பழமும் வெட்டி வைப்பது நல்ல பழக்கம்.

தீபத்துக்குப் பெற்றோல் வேண்டாம். இறுக்கிச் சுற்றின பருத்தித் துணியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிழிந்து, சொட்டாத பதத்தில் கொளுத்துங்கள். சொட்டினால் ஓடுகிற பிள்ளையின் கை சுடும். அருகில் ஈரச் சாக்கு இருக்க வேண்டும்.

ஆரம்பப் பிரிவுக்குத் தேசிக்காய் கரண்டி, சாக்கோட்டம், பணிஸ் கடித்தல், போத்தலில் நீர் நிரப்புதல். பணிஸை நூலில் கட்டும்போது பிள்ளையின் வாய் உயரத்துக்குக் கட்டுங்கள், அண்ணாந்து கடித்தால் புரைக்கேறும். எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது ஒரு பரிசு கையில் கிடைக்கட்டும், அந்த வயதில் நாலாமிடம் என்று ஒன்றில்லை. கயிறிழுத்தலில் கையில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கிறார்களா என்று நடுவர் ஒவ்வொரு கையாகப் பார்க்க வேண்டும், விரல் போகும். பழைய மாணவர் ஓட்டத்துக்கு முன் முதலுதவிப் பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். இருபது வருடமாக ஓடாத கால் முதல் 30 மீற்றரிலேயே தசை பிடிக்கும்.

அறிவிப்பாளரிடம் ஒரே ஒரு நிகழ்ச்சி நிரல் இருக்கட்டும், திருத்தினால் அதிலேயே திருத்தட்டும். 'மூன்றாவதும் இறுதியுமான அழைப்பு' என்று சொன்னால் அது இறுதியாகவே இருக்க வேண்டும். நாலாவது அழைப்புக் கொடுக்கிற மைதானத்தில் யாரும் முதலாவதுக்கு வரமாட்டார்கள்.

புள்ளிப் பலகையை ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் எழுதுங்கள், கடைசியில் கூட்டிச் சொல்ல வைத்திருக்க வேண்டாம். பரிசளிப்பு முடிந்ததும் இல்லக் கொடிகள் முதலில் இறங்கும், பாடசாலைக் கொடி அடுத்து, தேசியக் கொடி கடைசியில். பிறகு ஆப்புகள் இருக்கும் இடத்தை மதிலிலிருந்தும் கிணற்றுக் கட்டிலிருந்தும் அளந்து, ஒரு தாளில் படம் போட்டு, உடற்கல்வி அறைக் கோப்பில் வையுங்கள்.